பிலோமினா அக்கா எழுதிய முதல் பக்கம்

பிலோமினா அக்கா இறந்த செய்தி எங்கள் லினக்ஸ் குழுவின் வாட்ஸாப்பில்தான் வந்தது. அடுத்த செய்தியே, ஞாயிற்றுக்கிழமை முகாமுக்கு யார் யார் வருகிறீர்கள் என்ற கேள்வி. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்கான என் உதிரிபாகக் கடையில் நின்றபடி அதற்கு 'வாரேனுங்க' என்று பதில் போட்டேன். அது அக்காவின் மரணச் செய்திக்கான பதிலாகப் போய் உட்கார்ந்துகொண்டது. என் கணினி அறிவு அவ்வளவுதான்.

அக்காவிடம் நான் போய்ச் சேர்ந்ததும் இந்த லட்சணத்தால்தான். கணினியில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போடுங்கள், காசில்லாமல் கிடைக்கும், வைரஸ் அண்டாது என்று முகாமில் சொன்னார்கள். அவர்கள் தந்த தாளைப் பார்த்து நானே லினக்ஸை ஏற்றினேன். பத்தாவதை இரண்டு தடவையில் தாண்டியவன். கடையில் யார் எது கேட்டாலும் "ஆமாங்க" என்று பழகியவன், கணினி கேட்ட எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று அமுக்கிவிட்டேன். மகளின் காதுகுத்துப் படங்கள் மொத்தமும் அழிந்தன.

அடுத்த முகாமுக்குச் சண்டை போடப் போனேன். "படிக்காம அமுக்குனா அப்படித்தானுங்க" என்று சிரித்தார்கள். குழுவிலிருந்த அக்கா மட்டும் எழுந்து, "தம்பி படிச்சுத்தான் அமுக்கியிருக்காரு. அழியும்னு நாமதான் தாள்ல எழுதல" என்றார்.

அதன்பிறகுதான் அவர் தமிழில் கையேடு எழுதத் தொடங்கினார். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து பேருந்து ஏறி என் கடைக்கு வருவார். என்னைப் படித்துச் செய்யச் சொல்லிவிட்டு வாயே திறக்காமல் பின்னால் நிற்பார். நான் எங்கே முழிக்கிறேனோ அந்த வரியை அடித்துவிட்டு மாற்றி எழுதுவார். "ஏனுங்கக்கா, ஊர்ல வேற மக்கு கிடைக்கலீங்களா?" என்று ஒருநாள் கேட்டேன். "உங்க அளவுக்கு நேர்மையா முழிக்கிற ஆளு கிடைக்கல தம்பி" என்றார்.

அக்காவை அறிந்தவர்களே, இரங்கல் கூட்டத்தில் அந்தக் கையேட்டின் புதிய பதிப்பை வெளியிட்டீர்கள். அட்டையில் அவர் படம். உள்ளே முதல் பக்கத்தைக் காணோம். எதெல்லாம் அழியும், அதை முன்பே எப்படிக் காப்பாற்றுவது என்று அவர் எழுதிய பக்கம் அது. குழு ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டேன்.

"அண்ணா, எடுத்ததுமே அழியும்னு போட்டா எவன் வருவான்? லினக்ஸ் பரவணுமில்லீங்களா?"

"படமெல்லாம் அழிஞ்சு போனவன் அட்டையைப் பாத்து யாரைத் திட்டுவானுங்க?"

"துக்க வீட்ல ஏனுங்கண்ணா இதெல்லாம்?"

செத்தவர் எழுத்தில் கை வைப்பதற்குத் துக்க வீடு தடையில்லை, கேட்பதற்குத்தான் தடை. அவர் எழுதியவற்றிலேயே உண்மையான பக்கத்தைப் பிய்த்தெறிந்துவிட்டு இரண்டு நிமிடம் மௌனமாக நின்றீர்கள்.

இப்போது ஞாயிறுதோறும் முகாம் வாசலில் நின்று, அந்தப் பக்கத்தின் நகலைப் போகிறவர்கள் கையில் திணிக்கிறேன். குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டீர்கள். இருக்கட்டும். அக்காவிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது அந்த ஒரு பக்கம்தான். அதன் முதல் வரி இது: "இந்தக் கணினியில் நீங்கள் இழக்கக் கூடாதது எது? முதலில் அதை எடுத்து வையுங்கள். லினக்ஸ் காத்திருக்கும்."