கரைக் கதவின் பூட்டு

என் அக்காவை ஏரிக்கரைக்கு இழுத்துக்கொண்டு போனது மீன் இல்லை, வெளிச்சம்.

அவள் வேலை செய்யும் ரொட்டிக்கடையின் அடுப்பறை தரைமட்டத்துக்குக் கீழே இருக்கிறது. ஜன்னல் கிடையாது. புகை போவதற்காகக் கூரையை ஒட்டி ஒரு கம்பிவலை வைத்திருக்கிறார்கள். அதன் வழியே தெருவில் போகிறவர்களின் ஷூக்கள் மட்டும் தெரியும். "ஊர்ல பாதிப் பேரோட மூஞ்சி எனக்குத் தெரியாது, ஷூவத்தான் தெரியும்" என்பாள். குளிர்காலத்தில் இருட்டோடு இருட்டாக அந்தப் படியில் இறங்குவாள். மாவைப் பிசைந்து, உருட்டி, அடுக்கி, சுட்டு, கடைசித் தட்டை வெளியே இழுத்துவிட்டு மேலே ஏறும்போது மதியமாகியிருக்கும். அந்தப் பருவத்தில் மதியம் என்றால் சூரியன் கிளம்புவதற்குச் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும் நேரம். மிச்சமிருக்கும் கொஞ்ச வெளிச்சத்தை வீட்டில் துணி மடித்துக் கழிக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவள் கணவர், என் மாமா, கோடையில் மட்டும் தொட்டுவிட்டு மூலையில் சாத்திவைத்திருந்த தூண்டில் கழியை எடுத்துக்கொண்டு ஒருநாள் ஏரிக்குப் போனாள். பிறகு தினமும் போனாள்.

நான் பல வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு அவள் வீட்டுப் பின்னறையில் வந்து விழுந்தது அந்தக் குளிர்காலத்தில்தான். காலில் சக்கரம் கட்டியவளுக்குப் பின்னறை எத்தனை நாள் தாங்கும்? அவளோடு நானும் கரைக்குப் போகத் தொடங்கினேன்.

ஏரியைச் சுற்றி வேலி. ஒரே ஒரு இரும்புக் கதவு. அதன் சாவி மீன்பிடிச் சங்கத்திடம், ஆனால் கதவு திறந்தேதான் கிடக்கும். ஏரியில் ட்ரவுட் மீன்களை விட்டு வளர்ப்பது அவர்கள்தான். சங்கத்துச் செயலாளர் டயர்க்கடை வைத்திருப்பவர். ஏரியிலேயே பெரிய படகு அவருடையது. குளிர் வந்ததும் எல்லாப் படகுகளையும் கரையேற்றிக் கொட்டகைக்குள் கவிழ்த்துவிடுவார்கள். அதோடு அந்த வருடத்து மீன்பிடிப்பு முடிந்தது என்று அவர்களுக்கு ஒரு கணக்கு.

ஒருநாள் நாங்கள் உள்ளே நுழையும்போது அவர் கதவோரம் நின்றிருந்தார். கையில் தேங்காய் அளவுக்கு ஒரு பூட்டு.

"ஏம்மா, வர ஞாயித்துக்கிழமை கூட்டத்துல முடிவு பண்ணப் போறோம். குளிர்காலம் முடியற வரைக்கும் கதவு பூட்டு."

"ஏன் சார்?"

"கரையெல்லாம் வழுக்குது. நாளைக்கு நீ விழுந்து கால ஒடச்சுக்கிட்டா சங்கத்த இல்ல கேப்பாங்க?"

"என் காலு. நான் பாத்துக்கறேன்."

"அதுவும் இல்லாம, குளிர்ல கரையிலேர்ந்து எவனும் ஒரு ட்ரவுட் பிடிச்சதில்ல. பிடிக்கவே முடியாத மீனுக்கு எதுக்குக் கதவத் தொறந்து வைக்கணும்?"

அக்கா அவருடைய ஷூவைப் பார்த்தாள். பழுப்பு நிறம், இடது காலில் மட்டும் குதிகால் தேய்ந்திருந்தது.

"பிடிச்சா?"

அவர் சிரித்தார். "ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒண்ணு, ஒரே ஒண்ணு பிடிச்சுக் காட்டு. இந்தப் பூட்ட உன் கையிலயே கொடுத்துடறேன்."

"வார்த்த மாறக் கூடாது" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போனாள். அதுவரை அவள் ஒரு மீன்கூடப் பிடித்ததில்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அன்றுவரை அது அவளுக்கு ஒரு பொருட்டாகவும் இருந்ததில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது, தூண்டில் அந்தச் சாக்கு. இப்போது வானத்துக்கே பூட்டு போடப் போகிறார்கள்.

அன்று சாயங்காலம் மாமா சாப்பாட்டு மேசையில் தலையைச் சொறிந்தார். அவருக்கும் சங்கத்தில் ஒரு ஓட்டு உண்டு.

"அவரோட ஏன் மல்லுக்கு நிக்கற? நாலு மாசம்தான. வீட்டுல சூடா உக்காந்திருக்கலாம்ல?"

"சூட்டுலதான் நான் வேலையே பாக்கறேன். உங்க ஓட்டு யாருக்கு?"

"அது... அன்னைக்கு நெலமையப் பாத்து..."

"சரி, கொழம்ப ஊத்திக்கங்க" என்றாள் அக்கா.

மறுநாளிலிருந்து அவள் தூண்டில் போட்ட விதமே வேறு. அதற்கு முன்பெல்லாம் மாமா கோடையில் செய்வதைத்தான் அவளும் செய்துகொண்டிருந்தாள். விரல் தடிமனுள்ள மண்புழுவைத் தூண்டில் முள்ளில் கோத்து, கழியை வீசி, கண்ணுக்கு எட்டாத தூரத்தில் போட்டு, சரசரவென்று சுற்றி இழுப்பாள். இப்போது உட்கார்ந்து யோசித்தாள். மாவு வைக்கும் மூடிபோட்ட பிளாஸ்டிக் தொட்டி ஒன்றைக் கடையிலிருந்து கொண்டுவருவாள். சாமான்களை அதில்தான் எடுத்து வருவாள், கரையில் அதையே கவிழ்த்து உட்காருவாள்.

"குளிர்ல மாவு எப்படி இருக்கும், சொல்லு" என்றாள் என்னிடம்.

"எப்படி இருக்கும்?"

"மந்தமா இருக்கும். உப்பறதுக்கு அரை நாள் எடுக்கும். மீனும் அப்படித்தான் இருக்கணும். நாம வேகமா இழுத்தா அது எதுக்கு எழுந்து ஓடி வரப்போகுது? போர்வைக்குள்ள இருக்கற உன்ன நான் எழுப்பினா நீ வரியா?"

ஆகவே இழுப்பதை நிறுத்தினாள். தடித்த தூண்டில் நரம்பைக் கழற்றிவிட்டு மெல்லிய நரம்பு போட்டாள். பெரிய முள்ளுக்குப் பதில் சின்னது. நரம்பில் துளையுள்ள ஈயக் குண்டைக் கோத்து, அது முள்வரை வழுக்கிக்கொண்டு போகாமல் தடுக்க முடிச்சுப் போட்ட ஒரு சின்னக் கண்ணாடி மணி, அதற்குக் கீழே ஒரு முழம் விட்டு முள். குண்டு அடியில் உட்கார்ந்திருக்கும். மீன் இரையை எடுத்துக்கொண்டு நகர்ந்தால் நரம்பு துளைவழியே சும்மா ஓடும், குண்டின் கனம் மீனுக்குத் தெரியாது. கழியின் வளையங்களில் பனி உறைந்து நரம்பு சிக்கிக்கொள்ளும். வளையத்தை வாயில் வைத்து ஊதிக் கரைப்பது என் வேலை. உலகம் சுற்றியதில் எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான உத்தியோகம் அது என்று அக்கா கேலி செய்தாள்.

எல்லாம் சரிதான். மீன்தான் வரவில்லை. மண்புழு குளிர்ந்த தண்ணீரில் நிமிடத்தில் விறைத்துக் குச்சியாகிவிட்டது. டப்பாச் சோளம் போட்டாள், இறால் துண்டு போட்டாள். வீட்டில் மைதாவையும் சீஸையும் பிசைந்து உருண்டை பிடித்துப் போட்டாள். வெளியே எடுத்தால் இரையின்மேல் கறுப்பாக அழுகிய பாசி அப்பியிருக்கும். கோடையில் வளர்ந்த பாசியெல்லாம் குளிரில் செத்து அடியில் மெத்தைபோலக் கிடந்தது. இரை அந்த மெத்தைக்குள் புதைந்துவிட்டது. மீனுக்கு அது கண்ணில் பட்டால்தானே?

இப்படியே ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

அன்று கடையில் பூண்டு சீஸ் ரொட்டி நிறையக் கேட்டிருந்தார்கள். அக்கா தாமதமாகத்தான் படியேறி வந்தாள். முகத்தில் மாவு, தலையில் மாவு. நான் தூண்டிலோடு வாசலில் காத்திருந்தேன்.

"வீட்டு மாவு எடுத்துட்டு வந்தியா?"

"நீ சொல்லவே இல்லையே."

"போச்சு போ. நல்லவேளை, நானும் கொஞ்சம் கிள்ளிப் போட்டுக்கிட்டேன்" என்று கோட்டின் உள்பையைத் தட்டிக் காட்டினாள். காலையிலேயே ரொட்டிக்கு வைத்த மாவிலிருந்து ஒரு கை கிள்ளி, ஈரத்துணியில் சுற்றி, உடம்புச் சூடு படும்படி உள்ளே வைத்திருந்தாள். ரொட்டிக்காரியின் கை மாவை அப்படித்தான் வைக்கும். அதற்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கரைக்கு வந்தபோது மேட்டிலிருந்த படகுக் கொட்டகைக்குள் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். மாமாவும் போனார், எங்கள் பக்கம் பார்க்காமலே. கூட்டம் தொடங்கிவிட்டது.

"நான் போய்க் கொஞ்சம் பொறுங்கன்னு சொல்லட்டுமா?"

"கெஞ்சப் போனேன்னா கால ஒடச்சிடுவேன். உக்காரு."

உள்பையிலிருந்து துணியை எடுத்துப் பிரித்தாள். பிரித்ததும் பல்லைக் கடித்தாள். மாவு இரண்டு மடங்காக உப்பி, ஓட்டை ஓட்டையாக, துணியெல்லாம் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

"மூளையக் கழட்டி அடுப்புலயே வச்சிட்டு வந்துட்டேன்டி. ஈஸ்ட் போட்ட மாவ இப்படிச் சூட்டுல வச்சா உப்பாம என்ன பண்ணும்? இரைக்குக் கெட்டி மாவுல்ல வேணும்?"

சொல்லிக்கொண்டே அதில் ஒரு துளி கிள்ளிக் காலடித் தண்ணீரில் போட்டாள். ஏன் போட்டாள் என்று அவளைக் கேட்டால் தெரியாது என்பாள். அடுப்பறையில் தினமும் செய்வதுதான். மாவு பக்குவமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு துளியைத் தண்ணீர் டம்ளரில் போடுவார்கள். மூழ்கினால் இன்னும் பொறுக்க வேண்டும். மிதந்தால் அடுப்புக்குப் போகலாம்.

துளி மிதந்தது.

அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குண்டைப் பார்த்தாள். குண்டுக்கும் முள்ளுக்கும் நடுவிலிருந்த அந்த ஒரு முழ நரம்பைப் பார்த்தாள்.

"குண்டு கீழ போகும்" என்றாள் மெதுவாக. "மாவு மேல நிக்கும்."

"பாசிக்கு மேல!" என்றேன்.

"கத்தாத. மீனுக்குக் காது இருக்கு."

ஒரு பட்டாணி அளவு கிள்ளி முள்ளை மூடினாள். வீசினாள். மாவு ஒரு பக்கம் பறந்தது, முள் ஒரு பக்கம். மறுபடியும் அதே கதை. மிருதுவான மாவு வேகம் தாங்கவில்லை. கோட்டின் கிழிந்த உள்துணியிலிருந்து பஞ்சு கொஞ்சம் பிய்த்து மாவோடு சேர்த்துப் பிசைந்தாள். இந்த முறை வீசவே இல்லை. கழியை மெல்ல ஆட்டிப் பக்கத்திலேயே விட்டாள். ஓடைத் தண்ணீர் ஏரிக்குள் விழும் இடம். கறுத்த பாறைகள், அன்று முழுவதும் வெயில் பட்டவை.

"இவ்ளோ கிட்டயா?"

"நீயா இருந்தா எங்கே உக்காருவ? நடு ஏரியிலயா, வெயில் பட்ட சுவத்தோரமா?"

இருவரும் விளிம்பிலிருந்து பின்னால் தள்ளி நின்றோம், நிழல் தண்ணீரில் விழாதபடி. மேட்டில் யாரோ பேசும் சத்தம், நடுவே கைதட்டல். நரம்பு தண்ணீர்மேல் தொய்வாகக் கிடந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அக்கா அசையவில்லை. அடுப்பின் முன் நிற்கிற மாதிரி நின்றாள்.

தொய்வு கொஞ்சம் குறைந்தது. காற்றாக இருக்கலாம். இன்னும் கொஞ்சம் குறைந்தது. காற்றே இல்லை.

"அக்கா!"

"வாய மூடு. வாயில வச்சுப் பாக்குது. முழுங்கட்டும்."

நரம்பு நேரானது. அக்கா வெடுக்கென்று இழுக்கவில்லை, தட்டிலிருந்து ரொட்டியைத் தூக்குவதுபோலக் கழியை உயர்த்தினாள். கழி வளைந்தது. தண்ணீர் உடைந்தது. "தொட்டி, தொட்டி, எருமை!" என்று அவள் கத்த, நான் ஷூவோடு தண்ணீரில் இறங்கினேன். குளிர் எலும்பில் ஏறியது. தொட்டியைச் சாய்த்து அள்ளினேன். உள்ளே ஒரு ட்ரவுட் வாலால் என் முகத்தில் தண்ணீர் அடித்தது. புள்ளி புள்ளியாக, முழங்கை நீளம், பக்கவாட்டில் ஒரு ரோஜா நிறக் கோடு.

தொட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு மேடேறினோம். நாங்கள் நுழைந்தபோது கைகள் மேலே இருந்தன. பூட்டுவதற்கு ஆதரவான கைகள். மாமாவின் கை பாதியில் நின்றிருந்தது, மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. எங்களைப் பார்த்ததும் அந்தக் கையாலேயே காதைச் சொறிந்துகொண்டார்.

அக்கா தொட்டியைச் செயலாளரின் காலடியில், அந்தப் பழுப்பு ஷூவுக்குப் பக்கத்தில் வைத்தாள். முள் இன்னும் மீனின் உதட்டிலேயே இருந்தது.

"ஒண்ணு கேட்டீங்க. இந்தாங்க."

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். செயலாளர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார்.

"கரையில பிடிச்சதுன்னு என்ன நிச்சயம்? யாராவது படகுல போய்ப் பிடிச்சுக் கொடுத்திருக்கலாம்."

"எந்தப் படகுல சார்?" என்றாள் அக்கா. "எல்லாப் படகையும் கவுத்துப் போட்டு நீங்கதான மேல உக்காந்திருக்கீங்க?"

முதலில் சிரித்தது மாமா. பிறகு கொட்டகையே சிரித்தது. செயலாளர் தான் உட்கார்ந்திருந்த தன் படகைத் திரும்பிப் பார்த்தார், அதுவும் சேர்ந்து சிரித்துவிட்டதா என்பதுபோல. உயர்ந்திருந்த கைகள் ஒவ்வொன்றாகப் பைக்குள் போயின.

"சரிம்மா. ஆனா குளிர் முழுக்க நீ ஒருத்திதான் வரப்போற. ஒரு ஆளுக்காகக் கதவா?"

"ஒரு ஆளு பத்தாதா? நான் ஒரு ஆளுதான் காலையில உங்க எல்லாருக்கும் ரொட்டி போடறேன். அப்ப மட்டும் பத்துதா?"

அக்கா கையை நீட்டினாள். பூட்டு கைமாறியது.

"இரை என்ன போட்ட?" என்று வெளியே வந்ததும் மாமா காதருகில் கேட்டார்.

"நெலமையப் பாத்துச் சொல்றேன்" என்றாள் அக்கா.

இதை நான் எழுதப் போகிறேன் என்றபோது அவள் மறுக்கவில்லை. "எழுதிக்கோ. மாவு, பஞ்சு, பாற எல்லாத்தையும் எழுது. எல்லாரும் வரட்டும். வந்தா கதவப் பூட்ட முடியாதுல்ல?"

அந்த மீனைச் சுட்டுத் தின்றோம். பூட்டு இப்போது அடுப்பறையில், மாவுத் தொட்டியின் மூடிமேல் இருக்கிறது. உப்பும்போது மாவு மூடியைத் தள்ளும், அதற்குக் கனமாக ஏதாவது வேண்டும். நேற்று நான் கீழே இறங்கிப் பார்த்தபோது மூடி ஒரு பக்கம் கிடந்தது, பூட்டு தரையில் கிடந்தது, மாவு தொட்டியின் விளிம்பைத் தாண்டி வழிந்துகொண்டிருந்தது.

"பத்தல பாரு" என்றாள் அக்கா, கையைக் கழுவிக்கொண்டே. "இதவிடப் பெரிசா ஒண்ணு வச்சிருக்காரான்னு அவரக் கேக்கணும்."