ராசியான கை நட்ட வரிசை

கொமரலிங்கத்துக் கூட்டுக்குடும்பத் தோட்டத்தில் கொய்யா நட்ட அன்று, விஜயகுமாரி ஆசையாய்க் குனிந்து ஒரு கன்றை எடுத்தாள். செத்துப்போன கணவனின் அண்ணன் மகுடேஸ்வரன் அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

"புருசனில்லாத கை பட்டா வெளங்குமா அம்மிணி? தள்ளி நில்லு."

வாய்க்காலோர வரிசை முழுக்க அவரே தன் கையால் நட்டார். ஊரே பார்த்தது.

சொத்துப் பாகம் பிரிந்து வாய்க்காலோர வரிசை அவர் பங்குக்குப் போனபின், வரப்புக்கு இந்தப் பக்கம் அவள் வைத்த கொய்யா காய்ப்புக்கு வரும் நேரத்தில் வாடியது. இலை பழுத்து, கிளை காய்ந்து, சில மரங்கள் நின்றபடியே செத்தன. திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் மகுடேஸ்வரன் காரை விட்டு இறங்காமலே சொன்னார்: "நாந்தான் அன்னைக்கே சொன்னனே. காட்ட எனக்குக் குடுத்துட்டு ஊட்டுல இரு."

அந்தப் பேச்சுதான் அவளைக் காட்டை விட்டு அசையவிடாமல் நிறுத்தியது. வேரைத் தின்னும் பூசணம் மண்ணில் இருக்கிறது, அதையே தின்னும் நல்ல பூசணமும் உண்டு என்று வேளாண்மை அலுவலகத்தில் கேட்டு வந்தாள். செத்த மரங்களை வேரோடு பிடுங்கி எரித்தாள். மக்கிய சாணத்திலும் வேப்பம்புண்ணாக்கிலும் டிரைக்கோடெர்மா என்ற அந்த நல்ல பூசணப் பொடியைக் கலந்து, நிழலில் குவித்து, ஈரம் காயாமல் பனியன் துணிக்கழிவால் மூடினாள். குவியல் பச்சை பூத்ததும் மரத்துக்கு மரம் வேரடியில் இட்டாள். கடைக்காரர் நீட்டிய பூசண மருந்தைத் தொடவேயில்லை. அது நல்லதையும் சேர்த்துக் கொல்லும். மிச்ச மரங்கள் பிழைத்துக் காய்த்தன.

இந்த வருடம் அதே வாடல் நோய் மகுடேஸ்வரன் தோப்புக்குள் நுழைந்தது. மருந்து ஊற்றிச் சலித்து, மனைவி ஜெயசுதாவோடு வந்து நின்றார்.

"அந்த எருவக் கொஞ்சம் குடு அம்மிணி. ஆளை அனுப்பறேன்."

"ஆளெல்லாம் எதுக்குங்க மாமா? என் கையாலயே வந்து வெக்கறனுங்க. கூடைய நீங்க தூக்கோணும். சம்மதமுங்களா?"

அவர் தோப்பில் நின்ற வேலையாட்களைத் திரும்பிப் பார்த்தார்.

"தூக்குங்க, கிரீடமா எறங்கிப்போகுது?" என்றாள் ஜெயசுதா.

வேலையாட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, கம்பெனி முதலாளி சாணக்கூடையோடு பின்னால் நடந்தார். விஜயகுமாரி அவசரப்படவில்லை. எருவை இட்டு, மண்ணைத் தள்ளி, வேண்டுமென்றே ஒவ்வொரு மரத்தையும் உள்ளங்கையால் தடவினாள்.

"பாருங்க மாமா, என் கை பட்டுருச்சு."

வாய்க்காலோர வரிசை வந்ததும் கையைக் கழுவினாள்.

"ஏனம்மிணி, இது பாக்கி இருக்குதே?" என்றார்.

"இது உங்க ராசியான கை வெச்சதுங்க. இதுல என் கை பட்டா வெளங்குமுங்களா?"

மிச்ச எருவோடு கூடையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு வரப்பேறினாள். நோய் தாண்டாதபடி தன் எல்லையில் பள்ளம் வெட்டினாள். வாய்க்காலோரம் ஒவ்வொரு மரமாய்க் காய்ந்ததை அங்கே நின்று பார்த்தாள். ஜெயசுதா இருமுறை சொல்லியனுப்பியும் போகவில்லை.