பாறைக்காட்டு கேங்கை எடை போட்ட வாரம்

அன்னிக்கு எடைக் கொட்டாயில இருந்தவங்க... நானு, செல்லத்தாயி, வள்ளி, ராக்கம்மா. கொழுந்து பறிக்கற எங்க பாறைக்காட்டு கேங்கே அம்புட்டுத்தான். அப்புறம் எஸ்டேட் தொரை, ஹெட் ஆபீஸ்ல இருந்து வந்த கணக்குத் தம்பி, எங்க கங்காணி மருதை மாமா. எங்க அத்தை ஊட்டுக்காரர்.

வெளிய மழை. நனைஞ்ச சாக்கு வாசம் இப்பவும் மூக்குல நிக்குதுங்க.

தேயிலை வெலை விழுந்து கெடந்த சமயம். மூணு கேங்ல மெதுவான ஒண்ணைக் கலைச்சுடறதுன்னு தொரை முடிவு பண்ணிட்டாரு. வேலை போனா எஸ்டேட் குடுத்த லயத்து ஊடும் போயிரும். அதுக்குத்தான் ஒரு வாரம் ஆளாளுக்குத் தனி எடை.

எஸ்டேட்ல எல்லா கேங்லயும் ஒரு பழக்கம்... எடைக்குப் போற முன்னாடி கொழுந்தைப் பகுந்துக்குவோம். முடியாதவ சாக்குல முடிஞ்சவ அள்ளிப் போடுவா. செல்லத்தாயிக்கு இளைப்பு, மேடு ஏற மாட்டா. என் கொழுந்துலதான் அவ எடை நிக்கும்.

அந்த வாரம் மட்டும் மருதை மாமா வந்து நின்னாரு.

"அவங்கவங்க பறிச்சது அவங்கவங்க சாக்குல. பகுந்தீங்கன்னா நானே தொரைகிட்டச் சொல்லிப் போடுவேன்."

"உங்க ஊட்டுச் சோத்தையா மாமா பகுந்துக்கறோம்?"ன்னா வள்ளி. அவரு சிரிக்கல.

மத்த ரெண்டு பெரிய கேங்கும் வழக்கம்போலப் பகுந்துக்கிட்டாங்க. அங்க எல்லாரும் ஏறக்குறைய ஒரே எடை. எங்களுது தாறுமாறு. என் சாக்கு பிதுங்குது, செல்லத்தாயிது பாதிகூட இல்ல. சராசரி கொஞ்சம் கொறைவு.

தம்பி கால்குலேட்டரைத் தட்டி, "கணக்குப்படி கேங்குக்கு கேங் வித்தியாசம் இருக்குங்க சார்"னாரு.

உடனே அவரே சொன்னாரு. "ஆனா இதை நம்ப முடியாதுங்க. எல்லா கேங்லயும் ஆள் சமமா இருந்தா, ஒண்ணுல எடை ஏறி எறங்கினாலும் இந்தக் கணக்கு ஓரளவு தாங்கும். இங்க சின்ன கேங்லதான் எடை ரொம்ப ஏறி எறங்குது. அப்ப இல்லாத வித்தியாசத்தையும் இருக்கற மாதிரி காட்டிரும். இன்னொரு வாரம் பாத்துட்டு முடிவு பண்ணுங்க சார்."

தொரை யோசிச்சாரு. மனசு எறங்கிருச்சுன்னே நெனச்சேன். "என்ன கங்காணி, நீ சொல்லு"ன்னாரு.

மருதை மாமா என் மொகத்தைப் பாக்கல. குனிஞ்சு, கால்ல ஏறின அட்டையைப் புடுங்கிக்கிட்டே சொன்னாரு. "இன்னொரு வாரம் எதுக்குங்க தொரை... இவளுக மெதுவுதானுங்க."

அம்புட்டுத்தான்.

எங்க கேங்கைக் கலைச்சுட்டு, சாக்கு கனமா இருந்ததால என்னைய மட்டும் வேற கேங்ல போட்டாங்க. மாமா அந்தப் பெரிய கேங்ல ஒண்ணு, ஆத்தோர கேங்குக்குக் கங்காணி ஆனாரு. செல்லத்தாயி தட்டுமுட்டோட திருப்பூர் பஸ் ஏறினா. பனியன் கம்பெனி. போன் பண்ணா இப்பவும் மொதல்ல கேக்கறது, "அங்க குளுரு எப்படிடி?"

பேத்தி காலேஜ்ல இந்தக் கணக்குத்தான் படிக்கறா. அந்தத் தம்பி சொன்னதை அப்படியே சொல்லிக் கேட்டேன். "அவரு சரியாத்தான் சொல்லிருக்காரு அம்மிச்சி, இப்ப அதுக்குன்னே வேற கணக்கு இருக்கு"ன்னா.

இருக்கட்டும். இப்ப அங்க கொழுந்து பறிக்கறது மெசினு. பகுந்துக்க ஆளும் இல்ல.

கணக்குத் தம்பி மேல எனக்குக் கோவமில்ல. தொரை மேலகூட ஆறிப்போச்சு. ஆனா தெனம் காலைல இந்த வாட்ஸ்அப் குரூப்ல ரோஜாப்பூ போட்டு குட்மார்னிங் அனுப்பறவரே... உங்க மேல மட்டும் இன்னும் ஆறலீங்க, மருதை மாமா.