ட்ரிப் சுவிட்ச் விழுந்த சனிக்கிழமை

சனிக்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது ட்ரிப் சுவிட்ச். வீட்டுக்கு வரும் மின்சாரத்தைத் தானாக நிறுத்தும் அதன் பிடி கீழே விழுந்திருந்தது. உள்ளே அண்ணனின் ஒட்சிசன் இயந்திரம் கூவிக்கொண்டிருந்தது. மின்சாரம் நின்றால் அது அப்படித்தான் கூவும்.

பிடியை மேலே தள்ளினேன். இயந்திரம் ஓடியது. நான் அறைக்குப் போய்ச் சேருமுன் மறுபடி விழுந்தது. அதன் பிறகு பிடி நிற்கவேயில்லை.

அண்ணனின் நுரையீரல் பழுதாகிவிட்டது. அந்த இயந்திரம் இல்லாமல் அவரால் கட்டிலை விட்டு எழும்ப முடியாது. அவசரத்துக்கென்று ஆஸ்பத்திரியில் தந்த சிறிய சிலிண்டர் ஒன்று இருந்தது. அண்ணி குழாயை அதற்கு மாற்றினார். சிலிண்டரின் முள் பச்சைப் பகுதியின் கடைசியில், சிவப்புக்குப் பக்கத்தில் நின்றது. கொக்குவிலில் எங்களுக்கு இரு பக்கமும் உள்ள வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, சொந்தக்காரர் கனடாவில். வயர் இழுத்து மின்சாரம் எடுக்கவும் வழியில்லை.

எங்கள் வீட்டுக்கு வயரிங் செய்து, மின் இணைப்புக்கான சான்றிதழில் கையெழுத்திட்டவர், நான் கூப்பிட, பக்கத்துத் திருநெல்வேலியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். வயர்களைச் சோதிக்கும் மீற்றர்ப் பெட்டியை அவர் கீழே வைக்குமுன் அண்ணி அவரைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, உந்தச் சனியன் பிடிச்ச சுவிட்சைக் கழட்டிப்போட்டு கரண்டை நேரடியாக் குடுத்துவிடுங்கோ."

"ஏலாதக்கா. சட்டப்படி அது இருக்கோணும். எங்கையோ கரண்ட் நிலத்துக்குக் கசியுது. அதைக் கழட்டினா, தொடுற ஆளுக்குத்தான் அடிக்கும்."

"அப்ப இந்த மனிசன் மூச்சில்லாமல் கிடக்கட்டோ?"

அவர் மீற்றரின் வயர்களைப் பிரித்தார். கட்டிலில் இருந்த அண்ணன், சொல்லுக்குச் சொல் நின்று, "என்ரை லைனையும் ஒருக்காச் சோதிச்சுப் பாரும், தம்பி," என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

மெயின் சுவிட்சை நிறுத்தி, செருகியிருந்த எல்லாவற்றையும் பிடுங்கினோம். வயரின் உறை பழுதில்லாமல் இருந்தால் மீற்றரில் பெரிய எண் வரும். மின்சாரம் கசிந்தால் எண் விழுந்துவிடும். கசிவு வழமையாகக் கிணற்றடியில்தான் வரும் என்று அவர் மோட்டார் லைனில் தொடங்கினார்.

"நல்லம்."

குசினி லைன். "நல்லம்."

சாமியறை. அதுவும் நல்லம். அவர் நல்லம் என்று சொல்லச் சொல்ல நான் சிலிண்டரின் முள்ளைப் பார்த்தேன். அது சிவப்புக்குள் போய்விட்டது. அண்ணி ஒட்சிசனின் அளவைக் குறைத்தார். அண்ணனின் உதடுகள் நீலம் பாயத் தொடங்கின. குறைத்ததை அண்ணி திரும்பவும் கூட்டினார்.

"வயரிங்கிலை பிழையில்லை. செருகியிருந்த ஏதோ சாமானிலைதான்," என்றார் அவர்.

"ஐயோ, மெசினிலையோ?" என்றார் அண்ணி.

இயந்திரத்தின் பிளக்கில் மீற்றரை வைத்தார். பெரிய எண் வந்தது. அடுத்தது ஸ்ரெபிலைசர். வோல்ற்றேஜ் கூடிக் குறைந்தால் இயந்திரம் பழுதாகிவிடும் என்று பயந்து நாங்களே வாங்கி, கட்டிலடியில் நிலத்தில் வைத்த இரும்புப் பெட்டி அது. எண் பூச்சியத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. பெட்டியைத் தூக்கிச் சரித்தார். அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. லேசாக மஞ்சள் நிறம்.

முதல் நாள் வெள்ளிக்கிழமை. அண்ணி வீடு முழுவதும் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தார். நோயாளியின் அறை என்பதால் இந்த அறைக்கு இன்னொரு வாளி.

"வெள்ளிக்கிழமை கழுவாமல் விடேலுமோ?" என்று அண்ணி சுவரைப் பார்த்துக் கேட்டார்.

வயரிங் செய்தவர் இயந்திரத்தை நேரே சுவர் பிளக்கில் செருகி மின்சாரத்தைக் கொடுத்தார். ட்ரிப் சுவிட்சின் பிடி நின்றது. அண்ணனின் உதடுகளுக்கு நிறம் திரும்பும்வரை அண்ணி குழாயைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தார். சிலிண்டரில் ஒன்றும் மிச்சமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்துக் கேட்டேன். மாற்றுவதற்குத் திங்கட்கிழமை கொண்டுவரச் சொன்னார்கள்.

வாசல் படலையடியில் கிடந்த பத்திரிகையை அதன் பிறகுதான் எடுத்தேன். நாளை ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணி வரை மின்தடை ஏற்படும் இடங்களில் எங்கள் வீதியும் இருந்தது.