காளியம்மன் மரத்தில் வெட்டிய தொட்டில்

கல்லூரிப் பிள்ளைகள் ஊருக்குத் தொண்டு செய்தால் அவர்களுக்கு நல்லதாம். தைரியம் வருமாம், நாலு பேரோடு பழகத் தெரியுமாம், வேலைக்குப் போகிற இடத்தில் சான்றிதழைக் காட்டலாமாம். போன வருஷம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முகாம் தொடங்கியபோது, கூட்டிக்கொண்டு வந்த சார் மைக்கில் இதையெல்லாம் சொன்னார். ஊருக்கு என்ன நல்லது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

எங்கள் ஊர் விக்கிரமங்கலத்துக்குப் பக்கம். காளியம்மன் கோவில் வேப்பமரத்தில் பிள்ளை வரம் கேட்பவர்கள் தொட்டில் கட்டுவார்கள். கட்டுகிறவளின் கல்யாணப் புடவையில் கிழித்த துணியாக இருக்க வேண்டும். பிள்ளை பிறந்து பொங்கல் வைத்த பிறகு அவள் கையாலேயே அவிழ்க்க வேண்டும். அதற்கு முன்னால் தானாக அறுந்து விழுந்தால் ஆத்தா இல்லையென்று சொல்லிவிட்டாள் என்று அர்த்தம். பெரம்பலூரில் வாழ்க்கைப்பட்ட என் மகளும் ஈரப்புடவையோடு கோவிலைச் சுற்றி வந்து கட்டியிருந்தாள். அந்த அரக்குச் சிவப்புத் துணி ஆடுவதைப் பார்த்துவிட்டுத்தான் வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவேன்.

முகாம் நடந்த வெள்ளிக்கிழமை போனால் மரம் மொட்டையாக நிற்கிறது. துணியெல்லாம் கீழே உரச்சாக்கில் கிடக்கிறது. பிள்ளைகள் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுக்கிறார்கள்.

"யாருய்யா இதுல கை வச்சது?" என்று கத்தினேன்.

சார் ஓடி வந்தார். "கோவப்படாதீங்கம்மா. ராத்திரி அடிச்ச காத்துல எல்லாம் கீழ வுழுந்து கெடந்துச்சு. புள்ளைங்க பொறுக்கி வச்சாங்க, அவ்வளவுதான்."

"எங்க வூட்டுக் கொட்டாயில ஒரு ஓலை அசையல. ஒங்களுக்கு மட்டும் தனியா காத்தடிச்சுச்சா?"

பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தைரியம் வருகிற லட்சணம் இதுதான் போல.

காற்றில் விழுந்தது என்ற பேச்சை யாரோ போனில் பெரம்பலூர் வரைக்கும் சேர்த்துவிட்டார்கள். மகள் மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினாள். சாக்கைக் கொட்டித் தன் துணியைத் தேடி எடுத்து, பார்க்காமலே மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"வுட்டுடும்மா. ஆத்தா வேணாம்னுட்டா. மாமியா வூட்டுல ஏற்கெனவே ஒரு மாதிரி பேசுறாங்க. இனிமே எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போறது?"

"அந்த ஆளு புளுகுறாண்டி."

"படிச்சவரு, அவரு ஏம்மா புளுகப்போறாரு?"

பள்ளிக்கூட வாசலில் போய் நின்று, வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். அம்மனைக் கும்பிடுகிற வாய் என்றும் பார்க்கவில்லை. சார் வெளியே வரவில்லை. கண்ணாடி போட்ட ஒரு பெண் மட்டும் செருப்புகூடப் போடாமல் வந்தாள். "ஏம்மா, உள்ள வா!" என்று உள்ளேயிருந்து சார் அதட்டுவது கேட்டது. அவள் திரும்பாமல் என்னோடு மரத்தடிக்கு வந்து மகள் முன்னால் நின்றாள்.

"அக்கா, காத்துல வுழல. நான்தான் கத்திரியால வெட்டுனேன். காத்துன்னு சொல்லச் சொன்னது சாரு. முடிச்சு அவ்வளவு இறுக்கமா இருந்துச்சுக்கா, அவுக்கவே முடியல."

மகள் துணியை விரித்துப் பார்த்தாள். முடிச்சு அப்படியே இருந்தது. பக்கத்தில் கோடு போட்ட மாதிரி நேராக வெட்டியிருந்தது.

"ஆத்தா அறுக்கலையா?"

"இல்லக்கா. நான்தான்."

நான் கை ஓங்கிவிட்டேன். மகள்தான் பிடித்துக்கொண்டாள். அழுதுகொண்டே சிரித்தாள். அடிபம்பில் தலையை நனைத்துவிட்டு வந்து, மிச்சத் துணியை மறுபடியும் கட்டினாள். கிளையை வளைத்துப் பிடித்தது அந்தப் பெண்தான்.

"மத்ததெல்லாம் யாரு யாரோடதும்மா? நானே போயி சொல்லிட்டு வரேன்" என்றாள். தெருவைக் காட்டினேன். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

உள்ளூர்க்காரிகளிடம் சொல்லிவிட்டாள். வெளியூரிலிருந்து வந்து கட்டிவிட்டுப் போனவர்களுக்கு யார் சொல்வது? அவர்கள் எந்த ஊரில் உட்கார்ந்து அழுகிறார்களோ. அதை நினைத்தால் அந்த முகாம்மேல் இருக்கிற ஆத்திரம் இன்றைக்கும் அடங்கவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கில் அந்தப் பெண்ணுக்கும் சேர்த்து ஒரு திரி போடுகிறேன். சாருக்குப் போட மனசு வரவில்லை. ஆத்தா என்ன நினைத்தாலும் சரி.