சிவப்புத் துணிக்கு நிற்காத பஸ்

ஓடைப்பட்டி அன்னத்தாய் ஒரு தவறு செய்தாள். அதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை.

வெற்றிலைக் கூடையோடு தேனிச் சந்தைக்குப் போய்வர ஆறு வருஷமாக அவளுக்கு சுந்தர்ராஜின் பஸ்தான். அவரிடம் இருந்ததே ஒரு பஸ், ஓட்டுவதும் அவரே. ஊர் முகப்புப் புளியமரத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தால், நோயாளி காத்திருப்பதாக அர்த்தம். சுந்தர்ராஜ் வீட்டு வாசல்வரை பஸ்ஸைக் கொண்டுபோவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலாம் வருஷம் பெரிய மோட்டார் கம்பெனி ஒன்று நான்கு புது பஸ்களோடு வந்தது. மூன்று மாதம் டிக்கெட் கிடையாது. ஏறுகிறவர்களுக்கு ஆளுக்கொரு வாழைப்பழம் வேறு. ஊரே தேங்காய் உடைத்து வரவேற்றது.

"என்ன ஆத்தா, என் வண்டியில முள்ளா கெடக்கு?" என்று, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவளைத் தன் காலி பஸ்ஸிலிருந்து கேட்டார் சுந்தர்ராஜ்.

"சும்மா கூட்டிப் போறாகய்யா. காசு குடுத்து ஏறுனா என்னையக் கிறுக்கச்சிம்பாக" என்று சிரித்த அன்னத்தாய், கையிலிருந்த பழத்தில் பாதியைப் பிய்த்து அவரிடம் நீட்டினாள்.

நாலாம் மாதம் அவருடைய பஸ்ஸைக் கம்பெனியே வாங்கிக்கொண்டது. ஐந்தாம் மாதம் கட்டணம் இரட்டிப்பானது. பிறகு ஊருக்குள் வருவதையே நிறுத்திவிட்டார்கள். மூன்று மைல் நடந்து, பெரிய ரோட்டிலிருந்து ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் போய் நிற்க வேண்டும்.

ஐப்பசி மழையில் அவள் மகள் ராக்கம்மாளுக்குப் பிரசவ வலி கண்டது. இரண்டு நாளாகியும் குழந்தை பிறக்கவில்லை. கட்டிலோடு விலக்குக்குத் தூக்கி வந்தார்கள். அங்கிருந்த வேம்பில் அன்னத்தாய் சிவப்புத் துணியைக் கட்டினாள். பஸ் வேகம் குறைந்தது, நிற்கவில்லை.

"சீக்காளிய ஏத்தக்கூடாதுன்னு கம்பெனி உத்தரவு, ஆத்தா!" என்று கண்டக்டர் தலையை நீட்டிக் கத்தினார்.

மாட்டுவண்டி பிடித்துப் போனார்கள். ஆஸ்பத்திரி இருந்த சின்னமனூரை எட்டுமுன் ராக்கம்மாள் இறந்தாள். வயிற்றிலிருந்த பிள்ளையும் போயிற்று.

துக்கம் கேட்க வந்தவர்கள் விதி என்றார்கள். எந்த விதி? மற்ற வண்டிகளை விழுங்கிவிட்ட ஒரு கம்பெனியை, எங்கே நிற்பாய், யாரை ஏற்றுவாய் என்று கேட்க நாட்டில் ஒரு சட்டம் இல்லை. அதற்கா விதி என்று பெயர்?

மனு வாங்கத் தேனிக்கு முகாம் வந்த சர்க்கார் அதிகாரியின் முன் அன்னத்தாய் மனுவோடு போய் நின்றாள்.

"வியாபாரத்துல சர்க்கார் தலையிட முடியாதம்மா. ஓசியா வருதுன்னு நீங்கதானே ஏறுனீங்க?"

"ஏறுனேன் சாமி, தப்புத்தான். வெத்தல விக்கிறவ, பின்னால வாரது எனக்குத் தெரியல. படிச்சுப்புட்டு நாக்காலியில ஒக்காந்திருக்கீகளே, ஒங்களுக்குமா தெரியல?"

அதிகாரி அடுத்த மனுவைக் கேட்டார்.

வெளியே கம்பெனி பஸ் புறப்படத் தயாராக நின்றது. ஊர்ப்பக்கம் போக வேறு வண்டி இல்லை. அன்னத்தாய் டிக்கெட் வாங்கி அதில்தான் ஏறினாள்.