பக்கத்தில் நின்று குளித்தவர்

அண்ணனை ஒரு இன்ஸ்பெக்டர் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் அடித்தார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் பிணமாகத்தான் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அம்மா குற்றாலத்துக்கு வரவே இல்லை. எங்கள் வீடு தென்காசியில். அருவி பக்கத்தில்தான். சாரல் காலத்தில் ஊரே துண்டும் எண்ணெயுமாகக் கிளம்பும். அம்மா மட்டும் அசைய மாட்டாள். "அந்த இன்ஸ்பெக்டரு ஜெயிலுக்குப் போற அன்னைக்குத்தான் என் தலையில அருவித் தண்ணி விழணும்" என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

பதினேழு வருஷம் போனது. தண்டனை கிடைத்தது. உடனே அப்பீல், ஜாமீன். நடுவில் அவர் ரிட்டயரும் ஆகிவிட்டார். போன ஆனி மாதம், அப்பீல் தள்ளுபடி, தண்டனை உறுதி என்று வக்கீல் போன் செய்தார். மில்லில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தவன், மிஷினை அப்படியே நிறுத்திவிட்டு வீட்டுக்கு ஓடினேன். தண்டனை உறுதி என்றால் ஆள் உள்ளே என்றுதான் நினைத்தேன், அம்மாவிடமும் அப்படியே சொன்னேன். என்னைப் போல ஒரு மடையன் உண்டா?

மறுநாளே அம்மாவை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப்போனேன். மெயினருவியில் அவளைப் பெண்கள் பக்கம் விட்டுவிட்டு ஆண்கள் வரிசையில் போய் நின்றேன். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் திடீரென்று வரிசையை ஒதுக்கினார். "சார், நீங்க இப்படி வாங்க. அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளுங்க."

அந்த அண்ணாச்சி நான்தான். நானும் தள்ளி நின்றேன். உடம்பெல்லாம் எண்ணெய் மினுங்க என்னை உரசிக்கொண்டு உள்ளே போனார் அவர். கோர்ட்டு வராண்டாவில் வருஷக்கணக்காகப் பார்த்த முகம், தப்பாது, அதே இன்ஸ்பெக்டர். என் பக்கத்தில் நின்றுதான் குளித்தார். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

எனக்குக் கோபம் வரவில்லை. அதைத்தான் இன்றைக்கும் நம்ப முடியவில்லை. தண்ணீர் விழுந்து விழுந்து தோள் மரத்துப்போயிருந்தது. மனசும் அப்படித்தான் கிடந்தது.

அம்மா ஈரத்தலையோடு சிரித்துக்கொண்டே வந்தாள். "ஏலே, இப்பந்தான் மூச்சு வருது. ஒங்க அண்ணன் பாத்துக்கிட்டுதான் இருப்பான்" என்றாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு நான் எதைச் சொல்ல? அவர் அவள் கண்ணில் பட்டுவிடாமல் சிப்ஸ் கடைகள் பக்கமாகச் சுற்றி அவளை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

பிறகு வக்கீலிடம் கேட்டேன். "சரணடைய டைம் கேட்டிருக்காரு அண்ணாச்சி. நெஞ்சுவலின்னு சர்டிபிகேட்டு குடுத்திருக்காரு" என்றார்.

அருவியில் பார்த்ததைச் சொன்னேன்.

"போட்டோ எடுத்தீங்களா?"

அருவிக்குள் எவன் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பான்? கேட்ட டைமும் முடிந்தது. வாரண்டு போனது. வீட்டில் ஆள் இல்லை என்று எழுதித் திரும்பி வந்தது. மறுபடியும் போனது, மறுபடியும் வந்தது. நான் மில்லைத் திறந்தேன், அரைத்தேன், பூட்டினேன். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இந்த வருஷமும் சாரல் தொடங்கியது. அம்மா மாற்றுச் சேலையைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, "போவமாலே?" என்றாள்.

"அருவில தண்ணி இல்லம்மா" என்றேன்.

அவள் வாசலில் போய் நின்றாள். தெருவில் ஆட்கள் ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிவந்துகொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் அவர்களையே பார்த்தாள்.

"அவன் இன்னும் வெளியதான் இருக்கான், என்னலே?"

அம்மா பையிலிருந்த சேலையை எடுத்துத் திரும்பக் கொடியில் போட்டாள்.

"அப்பம் போன வருஷம் என்னைய எதுக்குலே குளிக்க வச்ச?"